சிறிய காரில் முதலில் எதை மாற்றுகிறோம்?

தருமபுரி மாவட்டத்தில் அரூர், பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் ஒரு வீட்டுக்கு முதன்முதலாகக் கார் வந்தால், அது பல நேரம் வேறொருவர் சில ஆண்டுகள் ஓட்டிய ஆல்ட்டோவாகவோ ஸ்விஃப்டாகவோ இருக்கிறது. வந்த சில வாரங்களிலேயே சன் ஃபிலிம், அலாய் வீல், டிக்கியில் சப் ஊஃபர், பம்பரில் கூடுதல் விளக்கு என்று ஒவ்வொன்றாக ஏறத் தொடங்கும். வண்டியின் விலையில் கணிசமான பங்கை இதில் போடும் இளைஞர்களை ஊதாரிகள் என்று சொல்லி முடித்துவிடுவது அவசரத் தீர்ப்பு. அந்த ஆசையில் நியாயம் இருக்கிறது. அது பணத்தை எந்த வரிசையில் செலவிடுகிறது என்பதில்தான் எனக்குச் சண்டை.

நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சிறிய கார் என்பது விலைக்குள் அடக்குவதற்காகப் பலவற்றை விட்டுவிட்டுச் செய்யப்பட்ட பொருள். 1983 டிசம்பரில் வெளிவந்து 2014 வரை தயாரான மாருதி 800 இதற்குச் சரியான சான்று: 796 சிசி எஞ்சின், 12 அங்குலச் சக்கரம், மெல்லிய தகடு. இன்றும் அடிப்படை மாடல் வாங்குபவருக்கு ஒல்லியான டயரும் சுமாரான வெளிச்சமும்தான் கிடைக்கின்றன. நிறுவனம் விட்டதை உரிமையாளர் நிரப்புகிறார். அதே காரின் உயர்ந்த மாடலுக்கு வரும் பாகங்கள் பெரும்பாலும் இதிலும் அப்படியே பொருந்தும். பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார். பெரிய காரில் எல்லாம் முடிந்து வந்துவிடுவதால் கைவைக்க அவ்வளவு இடமில்லை.

இன்னொரு காரணம் கௌரவம். ஒரே தெருவில் மூன்று வெள்ளை ஸ்விஃப்ட் நிற்கும்போது தன்னுடையது எது என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்று நினைப்பது மனித இயல்பு. பேருந்துக்குக் காத்து நின்ற குடும்பத்திலிருந்து வந்தவருக்கு அது அற்பமான விஷயம் அல்ல.

சிறிய காரைக் கூர்தீட்டும் கலைக்கு மரியாதையான வரலாறும் உண்டு. 1959இல் சிக்கனக் காராகப் பிறந்த மினியை ஜான் கூப்பர் திருத்தியமைத்தார். 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மான்டே கார்லோ ராலியில் அது பெரிய கார்களை வென்றது. நம் பக்கத்தில் கோயம்புத்தூர் கரிவரதன் இருந்தார். மாருதி 800 எஞ்சினை எடுத்து, ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். நரேன் கார்த்திகேயன் பந்தயத்தில் இறங்கியது அந்த ஃபார்முலா மாருதியில்தான். 2005இல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். காய்கறி வாங்கப் போகும் வண்டியின் எஞ்சின் அவ்வளவு தூரம் ஒருவரைக் கொண்டுபோக முடிந்தது. ஆனால் கரிவரதன் எஞ்சினுக்குப் பொருத்தமாகச் சட்டகத்தையும் பிரேக்கையும் சேர்த்தே யோசித்தார். தெருவில் நடக்கும் மாற்றத்தில் இந்தச் ‘சேர்த்தே’ என்பதுதான் விடுபட்டுப்போகிறது.

வெளிச்சத்தை எடுத்துக்கொள்வோம். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகும் சாலை காட்டுக்குள் வளைந்து இறங்குகிறது. நடுவில் தடுப்பு கிடையாது, இரவில் யானை நடமாட்டம் உண்டு. அந்த வழியில் அடிக்கடி போகிறவர் நல்ல வெளிச்சம் கேட்பது ஆடம்பரம் ஆகாது. கடையில் அவருக்குக் கிடைக்கும் விடை, ஹாலஜன் பல்பைக் கழற்றிவிட்டு ஒரு எல்இடி பல்பைச் சொருகுவது. ஹாலஜனின் இழை எந்தப் புள்ளியில் எரிகிறதோ அதற்கென்றே அந்த விளக்கின் கிண்ணம் வளைக்கப்பட்டிருக்கிறது. ஒளி பிறக்கும் இடம் சற்று நகர்ந்தாலும் கதிர்கள் சிதறி மேலே போகும். ஓட்டுபவருக்கு முன்னால் பளீரென்று தெரியும். எதிரே பைக்கில் வருபவருக்குச் சாலையே மறைந்துவிடும். டிம் அடித்தாலும் பயன் இல்லை.

இதே தேவைக்குச் சரியான வழி மலிவானது. பல சிறிய கார்களில் ஹெட்லைட் மின்சாரம் ஸ்டியரிங் அருகே உள்ள சுவிட்ச் வழியாகவே ஓடுகிறது. மெல்லிய கம்பியில் மின்னழுத்தம் குறைந்து பல்பு மங்குகிறது. ரிலே வைத்து, பேட்டரியிலிருந்து தடித்த கம்பியை ஃபியூஸோடு நேரே இழுத்தால், கம்பெனி கொடுத்த 60/55 வாட் பல்பே கண்ணுக்குத் தெரியும்படி பிரகாசமாக எரியும். மஞ்சள் பூத்துப்போன கண்ணாடியைத் தேய்த்துத் துலக்கினால் இன்னும் நல்லது. யாரும் திரும்பிப் பார்க்காத வேலை என்பதால் அதைக் கேட்டு வருபவர் குறைவு.

சக்கரத்திலும் இதே கதை. ஸ்விஃப்டின் 165/80 ஆர்14 டயருக்குப் பதில் 185/65 ஆர்15 போட்டால் வெளிவிட்டம் இரண்டு மில்லிமீட்டர்தான் வேறுபடும். வேகமானி ஏறக்குறைய உண்மையே சொல்லும், சாலைப் பிடிப்பும் கூடும். இது நல்ல மாற்றம். அழகுக்காக 17 அங்குலம் ஏற்றி, டயரின் பக்கச் சுவரை மெலிதாக்கினால், கிராமச் சாலையின் முதல் பெரிய பள்ளத்தில் ரிம் அடிவாங்கும். வண்டியைத் தாழ்த்த ஸ்பிரிங்கை வெட்டுவது இன்னும் மோசம்: ஷாக் அப்சார்பருக்கு வேலைசெய்ய இடமில்லாமல், குண்டுகுழியில் டயர் தரையை விட்டு எழும்பும். இன்சூரன்சுக்குச் சொல்லாமல் செய்திருந்தால், விபத்துக்குப் பின் இழப்பீட்டுக்கும் சிக்கல் வரலாம்.

தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி 44ஆம் எண் நெடுஞ்சாலை தொப்பூர் கணவாயில் நீண்ட இறக்கமாகச் சரிகிறது. 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் அங்கே லாரிகள் மோதியதில் கார்கள் சிக்கி நசுங்கின, உயிர்கள் போயின. அந்த விபத்துகளுக்கும் கார் மாற்றத்துக்கும் தொடர்பில்லை. ஆனால் அந்த இறக்கத்தில் ஒரு சிறிய காருக்கு என்ன வேண்டும் என்று அங்கே போய்ப் பார்த்தால் தெரியும்: பிடிக்கும் பிரேக், தேயாத டயர், தெளிவான பின்விளக்கு. எஞ்சினை இயக்கும் மென்பொருளை மாற்றி (ரீமேப் செய்து) டீசல் ஸ்விஃப்டின் இழுவையைக் கூட்டியவர்களில் எத்தனை பேர் பிரேக் பேடையும் பிரேக் ஆயிலையும் அதே வாரம் மாற்றினார்கள் என்று கேட்டால், பதில் மனத்தைச் சங்கடப்படுத்தும். காதைத் துளைக்கும் சைலன்சருக்கு நான் ஒரு நியாயமும் காணவில்லை. அதன் முழுச் செலவையும் தூங்கிக்கொண்டிருக்கும் ஊர்தான் கொடுக்கிறது.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது? 2012இல் உச்ச நீதிமன்றம் கண்ணாடியில் ஒட்டும் ஃபிலிமைத் தடைசெய்தது. 2017 டிசம்பரில் மத்திய அரசு கிராஷ் கார்டுகளை அகற்றச் சொன்னது. மோதலின் வேகத்தை விழுங்க வேண்டிய முன்பகுதியின் வேலையையும் ஏர்பேக் விரியும் நேரத்தையும் அந்த இரும்புக் குழாய் கெடுக்கிறது என்பதால் அது சரியான முடிவு. 2019 ஜனவரியில், தயாரிப்பாளரின் வரையறைக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நோக்கத்தில் குறை சொல்ல மாட்டேன். நடைமுறையில்தான் ஓட்டை. சொந்த உபயோகக் காருக்குப் பதிவுச் சான்று 15 ஆண்டு செல்லும். அதற்குப் பிறகே புதுப்பிப்பதற்காகத் தகுதிச் சோதனை. இடையில் சாலையில் மறிக்கும் காவலர் பார்ப்பது கண்ணுக்குத் தெரியும் ஃபிலிமையும் நம்பர் பிளேட்டையும்தான். வெட்டிய ஸ்பிரிங், டேப் சுற்றிய கம்பி, பொருந்தாத ரிம் ஆகியவற்றை அதிகாரப்பூர்வமாகப் பார்க்கிறவர் ஒருவரும் இல்லை.

ஜெர்மனியில் சக்கரத்தையோ ஸ்பிரிங்கையோ மாற்றினால், பாகத்துக்குச் சான்று வேண்டும். பல மாற்றங்களைப் பரிசோதகர் பார்த்து வண்டியின் ஆவணத்தில் ஏற்ற வேண்டும். இங்கே கேஸ் கிட் பொருத்தினால் ஆர்.சி.யில் பதிகிறோம். காலால் மிதிக்க முடியாதவர் கையால் பிரேக் பிடிக்கும்படி தன் காரை மாற்றிக்கொள்ளவும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வழி உண்டு. மாற்றங்களிலேயே மிக நியாயமானது அதுதான். டயருக்கும் விளக்குக்கும் ஸ்பிரிங்குக்கும் அதேபோல ஒரு பக்கப் படிவமும் அரை மணி நேரச் சோதனையும் மாவட்டத் தலைநகரில் இருந்தால், ரிலேயும் தடித்த கம்பியும் போட்டுக் கொடுக்கும் எலக்ட்ரீஷியனுக்கு வேலை கூடும். ஸ்பிரிங் வெட்டித் தரும் பட்டறைக்குக் குறையும்.