அடுக்குமொழி இல்லாத அண்ணா

அண்ணாவின் பேச்சு என்றதும் எல்லோரும் அடுக்குமொழியைச் சொல்வார்கள். எனக்கோ, அடுக்குமொழிக்கு இடமே இல்லாத ஓர் அவையில் அவர் என்ன செய்தார் என்பதில்தான் ஆசை அதிகம். 1962 தேர்தலில் காஞ்சிபுரத்தில் தோற்றவர், மாநிலங்களவைக்குப் போனார். அங்கே ஆங்கிலத்தில் பேச வேண்டும். வரிக்கு வரி கைதட்டும் கூட்டம் இல்லை. இடைமறிக்கக் காத்திருக்கும் உறுப்பினர்கள் இருந்தார்கள்.

மே 1 அன்று கன்னிப்பேச்சு. திராவிடருக்குச் சுயநிர்ணய உரிமை கேட்க வந்திருக்கிறார். அந்த அவைக்கு அது நெருப்பு. தான் வேறோர் இனவழியைச் சேர்ந்தவன் என்கிறார். சொன்ன வாய் மூடுமுன், வேறு என்பதால் பகையாக வேண்டியதில்லை என்றும் சேர்த்துவிடுகிறார். திராவிடன் என்பதில் பெருமை உண்டு, வங்காளிக்கோ மராட்டியருக்கோ குஜராத்தியருக்கோ அதனால் எதிரியல்ல. மனிதன் எங்கும் மனிதனே என்பதற்கு ஸ்காட்லாந்துக் கவி ராபர்ட் பர்ன்ஸைச் சாட்சிக்கு அழைக்கிறார். எதிர்த்தரப்பு எழுந்து கேட்கவிருந்ததை, அவர்கள் எழுமுன்பே அவரே எடுத்துப் பேசி முடித்துவிடுகிறார்.

ஆனால் நான் திரும்பத் திரும்பப் படிப்பது 1963-இல் அவர் பேசியதைத்தான். சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்க மசோதா கொண்டுவந்தவர் வங்கத்துக் கம்யூனிஸ்ட் பூபேஷ் குப்தா. பழைய இலக்கியத்தில் அந்தப் பெயர் ஏது என்ற மறுப்புக்குப் பரிபாடல், பதிற்றுப்பத்து, சிலப்பதிகாரம், மணிமேகலை என்று சான்று காட்டினார் அண்ணா. பெயரை மாற்றி என்ன லாபம் என்று அடுத்த கேள்வி வந்தது. பார்லிமெண்டை லோக்சபா என்று மாற்றி நீங்கள் கண்ட லாபம் என்ன? மாநிலங்கள் மன்றத்தை ராஜ்யசபா என்றீர்களே, குடியரசுத் தலைவரை ராஷ்டிரபதி என்றீர்களே, அதில் என்ன லாபம்? இப்படித் திருப்பிக் கேட்டார்.

அந்த நடுக்கேள்வியைக் கவனியுங்கள். கேட்டவர் உட்கார்ந்திருந்ததே அந்த ராஜ்யசபாவில்தான்! சான்றைத் தேடி எங்கும் போகவில்லை. எதிராளியின் இருக்கைக்குக் கீழிருந்தே எடுத்துக் காட்டினார்.

வேறொருவராக இருந்தால் அந்த வெற்றியோடு அமர்ந்திருப்பார். அண்ணா அமரவில்லை. கேட்ட கேள்விக்கு மெய்யான பதிலும் தந்தார்: மனத்துக்கு ஒரு நிறைவு, ஒரு தொன்மையான பெயர் கோடிக்கணக்கானோர் நெஞ்சில் பதியும் மகிழ்ச்சி, பெயர் மாற்றும் சிறு சிரமத்துக்கு இந்த ஈடு போதாதா என்றார். எதிர்க்கேள்வி எதிராளியை அடக்கியது. இந்தப் பதிலோ அவரையும் மதித்தது. அவருடைய பேச்சில் நான் மிக உயர்வாக வைப்பது இந்த இடத்தைத்தான்.

மசோதா தோற்றது. 1967 ஜூலை 18 அன்று சென்னைச் சட்டமன்றத்தில் அதே பெயருக்கான தீர்மானம் நிறைவேறியபோது அவர் முதலமைச்சர். அன்று வாதாட எதுவும் மிச்சமில்லை. தமிழ்நாடு என்று மூன்று முறை குரல் கொடுத்தார். மூன்று முறையும் அவை வாழ்க என்றது.