அமைதி என்ற சிபாரிசு

புதிதாக வந்த ஆல்பம் ஒன்றை நண்பர்களிடையே சிபாரிசு செய்யும்போது, 'அமைதியாக இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்' என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. இந்த வாக்கியம் இசையைப் பற்றி எதையும் சொல்லவில்லை. சொல்கிறவரின் களைப்பையும் கேட்கப்போகிறவரின் களைப்பையும்தான் சொல்கிறது. தலைவலிக்கு ஒரு மாத்திரையின் பெயரைச் சொல்வதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. மாத்திரையைச் சிபாரிசு செய்ய ரசனை வேண்டியதில்லை. தனக்குத் தலைவலி போயிற்று என்ற அனுபவம் போதும்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் இருந்துகொண்டு இப்படிப் பேசுவதற்கு எதிராக ஒரு நியாயமான கேள்வி உண்டு. இது சப்தத்தின் மேல் எழுந்த பிரதேசம். 1949-ல் அம்பத்தூருக்கு சைக்கிள் தொழிற்சாலை வந்தது. 1960-களில் தொழிற்பேட்டை வந்தது. 1965-ல் ஆவடியிலிருந்து முதல் விஜயந்தா டாங்க் வெளியே வந்தது. அதன் பிறகு வீடுகள், பஸ்கள், லாரிகள், அரக்கோணம் வண்டிகள். இங்கே ஷிப்ட் முடிந்து வீடு திரும்புகிற மனிதன் காதுக்குக் கொஞ்சம் ஆறுதல் கேட்டால், அவனிடம் ரசனையைப் பற்றிப் பேசுவது மேட்டிமைத்தனம் அல்லவா? மாத்திரையே வேண்டியவனுக்கு மாத்திரை கொடுத்தால் என்ன தவறு?

இந்தக் கேள்வியில் கருணை இருப்பது போலத் தோன்றுகிறது. உண்மையில் இதற்குள் இருப்பது அவமதிப்பு. உழைக்கிறவனுக்குக் காது கிடையாது, களைப்பு மட்டுமே உண்டு என்ற அனுமானம்தான் இதன் அஸ்திவாரம். லேத்தில் நிற்கிறவன் நாள் முழுக்கக் காதால் வேலை செய்கிறவன். டூல் முனை மழுங்கத் தொடங்கியதைக் கண் பார்ப்பதற்கு முன்பே காது சொல்லிவிடுகிறது; வெட்டுப்படும் இரும்பின் தொனி மாறுகிறது. ஜாப் அதிர்ந்தால் அதற்கென்று தனியாக ஒரு சத்தம். பத்து பவர் பிரஸ் ஓடுகிற கூடத்தில் ஒன்றின் அடி மட்டும் பிசகுவதை, பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே கண்டுபிடிக்கிறவன் அவன். இவ்வளவு பழகிய செவியைத் தூங்கவைப்பதற்காக மட்டுமே இசை இருக்கிறது என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

ஆகவே கேள்வியை வேறு மாதிரி வைக்க வேண்டியிருக்கிறது. அமைதியான இசை வேண்டுமா வேண்டாமா என்பதல்ல. அமைதி என்பது காதை மூடுவதா, திறப்பதா?

இதற்கு ஐரோப்பாவில் நடந்த ஒரு விஷயம் உதவும். பிரையன் ஈனோ என்ற ஆங்கிலேய இசையமைப்பாளர் 1975-ன் தொடக்கத்தில் டாக்ஸி மோதிப் படுக்கையில் கிடந்தார். பார்க்க வந்த ஜூடி நைலன் என்ற தோழி 18-ஆம் நூற்றாண்டின் ஹார்ப் இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். ஈனோ சொன்ன கதை இது: தோழி போன பிறகு தட்டைச் சுழலவிட்டுவிட்டுத் திரும்பப் படுத்தார், சத்தம் மிகக் குறைவாக வைக்கப்பட்டிருந்தது, ஸ்டீரியோவில் ஒரு பக்கம் வேலை செய்யவில்லை, எழுந்து போய்ச் சரிசெய்யத் தெம்பில்லை, வெளியே மழை, மழைக்கு நடுவே ஹார்ப்பின் உரத்த ஸ்வரங்கள் மட்டும் அங்கங்கே கேட்டன. ஒரு புது விதக் கேட்டல் தனக்கு அப்படித்தான் புலப்பட்டது என்றார். அதே ஆண்டு 'டிஸ்க்ரீட் மியூசிக்' வந்தது. 1978-ல் விமான நிலையங்களுக்கான இசை வந்தது. இன்று 'ஆம்பியன்ட்' என்று விற்கப்படுகிற வகை முழுவதும் இந்தக் கதையைத்தான் தன் ஸ்தல புராணமாக வைத்திருக்கிறது.

ஆனால் ஜூடி நைலன் பின்னால் சொன்ன விவரம் வேறு. அது தற்செயல் அல்ல. அவர் அறையில் நின்றுகொண்டு, வெளியே பெய்யும் மழையின் அளவுக்கும் தந்தியின் அளவுக்கும் சமன் பார்த்துத்தான் சத்தத்தை வைத்திருக்கிறார். படுத்திருப்பவனுக்கு அந்த மூலையில் எப்படிக் கேட்கும் என்று கணக்கிட்டிருக்கிறார். ஈனோவும் அதைப் புரிந்துகொண்டு கூடவே சமன் பார்த்தார் என்கிறார்.

எனக்கு இரண்டாவது கதைதான் முக்கியமாகப் படுகிறது. முதல் கதையில் ஒரு மேதையும் ஒரு விபத்தும் மட்டுமே இருக்கின்றன. இரண்டாவதில் சிபாரிசு என்றால் என்ன என்பது இருக்கிறது. நண்பனுக்கு ஒரு தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்ததோடு அவர் வேலை முடியவில்லை. நண்பனின் அறை, அதன் ஜன்னல், அதன் வெளிச் சப்தம், படுத்திருப்பவனின் தலை எந்தப் பக்கம் என்பது வரை யோசித்தார். நாம் விமர்சனம் என்று சொல்லிக்கொண்டிருப்பது இதைத்தான்.

நம்மிடம் இதற்கு முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. 1938-ல் மறைந்த வீணை தனம்மாளின் ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் கூடியவர்கள் சிலரே. அவர்களில் பலர் வித்வான்கள். ஒலிபெருக்கி கிடையாது, பெரும்பாலும் மிருதங்கமும் கிடையாது. வீணையின் அந்த மெல்லிய நாதத்துக்காக ஒரு கூடம் மூச்சை அடக்கிக்கொண்டது. அங்கே யாரும் இளைப்பாறப் போகவில்லை. குறைந்த சத்தம் அதிக உழைப்பைக் கேட்டது. கேட்டவர்கள் வெளியே போய் மற்றவர்களிடம் சொன்னதும் இனிமையைப் பற்றி அல்ல. ஒரு கமகத்தை அவர் எங்கே நிறுத்தினார் என்பதைப் பற்றி.

கேசட் காலத்தில் இந்த மரபின் ஒரு சிறு எச்சம் நம்மிடம் இருந்தது. ஒரு காகிதத்தில் பெயர்களை எழுதிக்கொண்டு ரெக்கார்டிங் கடைக்குப் போவோம். அறுபது நிமிஷ நாடா. பக்கத்துக்கு முப்பது நிமிஷம். இடம் குறைவு என்பதால் ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால் ஒன்றை அடிக்க வேண்டும். நண்பனுக்காக அந்தக் காகிதத்தை எழுதியவன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் முகத்தில் விழிக்க வேண்டும். 'தூக்கத்துக்கு', 'படிப்புக்கு', 'மழைக்கு' என்று இன்று இயந்திரம் தொடுத்துத் தரும் பட்டியலுக்கு முடிவும் கிடையாது, யாருக்கும் பதில் சொல்ல வேண்டிய அவசியமும் கிடையாது.

எதையெல்லாம் அமைதி என்ற பெயரில் கைமாற்றியிருக்கிறோம் என்று பார்த்தால் குழப்பம் தெரியும். 1967-ன் 'கால் ஆஃப் தி வேலி' காஷ்மீரத்து இடையனின் ஒரு நாளை சந்தூர், புல்லாங்குழல், கிட்டார் மூன்றிலும் சொல்ல முயன்றது. சந்தூரில் தட்டிய ஒலி உடனே தேயத் தொடங்குகிறது. அடுத்த தட்டு வரும் வரையுள்ள அந்தத் தேய்வுதான் சிவகுமார் சர்மாவின் கலை. நாம் அதை விட்டுவிட்டுப் பள்ளத்தாக்கின் காட்சியை மட்டும் எடுத்துக்கொண்டோம். 1988-ல் இளையராஜா ஹரிபிரசாத் சௌராசியாவுடன் செய்த 'நத்திங் பட் விண்ட்' இன்னும் வேடிக்கை. குழல் இருப்பதால் அது அமைதி என்றே பெயர் வாங்கியது. அதில் வயலின் கூட்டம் குழலின் மேல் வந்து மோதுவதும், குழல் ஒதுங்குவதும், திரும்ப நுழைவதும் யார் காதிலும் விழவில்லை. அது சச்சரவு நிறைந்த படைப்பு. அதன் பெருமையும் அதுதான்.

புதியவற்றுக்கு வருகிறேன். சென்னையில் பிறந்த சந்திரிகா டாண்டன், தென்னாப்பிரிக்கக் குழல்காரர் வூட்டர் கெல்லர்மன், செல்லோ வாசிக்கும் எரு மாட்சுமோட்டோ மூவரும் செய்த 'திரிவேணி' 2025-ல் கிராமி விருது பெற்றது. நமது வட்டத்திலும் அது கைமாறியது. அந்த விருதுப் பிரிவின் பெயரே கவனிக்கத்தக்கது: புதுயுக இசை, ஆம்பியன்ட், மந்திர உச்சாடனம் மூன்றும் ஒரே அலமாரியில். மருந்துக் கடையில்தான் இப்படி அடுக்குவார்கள். ஆல்பத்தின் வேலைத்திறனில் குறை இல்லை. ஆனால் மந்திரம் விட்ட இடத்தைக் குழலும், குழல் விட்ட இடத்தைச் செல்லோவும் உடனே இனிமையால் நிரப்பிவிடுகின்றன. நம் அறைக்கு அதில் இடமில்லை.

விஜய் ஐயர், அரூஜ் அஃப்தாப், ஷாஸாத் இஸ்மாய்லி மூவரின் 'லவ் இன் எக்ஸைல்' (2023) வேறு தளம். அமெரிக்காவில் பிறந்த தமிழரின் பியானோ, பாகிஸ்தானியப் பெண்ணின் உருதுக் குரல். மூவரும் ஒருவருக்கொருவர் காத்திருக்கிறார்கள். அந்தக் காத்திருப்பு நமக்குக் கேட்கிறது. நீளத்தில் ஒரே நிறம் படிந்துவிடுவது குறை.

கணவ்யாவின் 'நிலம்' (2025) பற்றித்தான் தயக்கமில்லாமல் சொல்ல முடிகிறது. நியூயார்க்கில் பிறந்து தமிழகத்தில் வளர்ந்து ஹரிகதை பயின்றவர். ஆலிஸ் கோல்ட்ரேனை நினைவில் வைத்துப் பலரைக் கூட்டிச் செய்த 'டாட்டர் ஆஃப் எ டெம்பிள்' (2024) ஒரு சபை என்றால், நில்ஸ் ஃப்ராமுடன் சேர்ந்து செய்த இது ஒரு திண்ணை. வாத்தியங்கள் ஒதுங்கி நிற்கின்றன. குரல் மூச்சின் அருகிலேயே இருக்கிறது. இந்த ரகசியக் குரல் இன்னும் இரண்டு ஆல்பங்களில் ஒரு பாவனையாக உறைந்துபோகும் அபாயம் உண்டு. இப்போதைக்கு அது உண்மையாக இருக்கிறது. இது முடிந்த பின் அறை முன்பிருந்த அறையாக இல்லை. விசிறிக்கு ஒரு ஸ்வரம் இருப்பது தெரிகிறது. தண்டவாளம் எந்தத் திசை என்பது தெரிகிறது.

ஆகவே சிபாரிசை முழுசாகவே செய்துவிடுகிறேன். ஹெட்போன் வேண்டாம், சின்ன ஸ்பீக்கர் போதும். இரண்டாம் ஷிப்ட் விட்டு வந்து, சாப்பிட்டு, உடனே படுக்காமல் கேளுங்கள். ஜன்னலைச் சாத்த வேண்டாம். விசிறியையும் நிறுத்த வேண்டாம். விசிறியின் சத்தத்துக்குக் கொஞ்சம் கீழேயே குரலை வையுங்கள். கடைசி வண்டி போகும்போது ஒரு வரி கேட்காமல் போகும். திரும்பப் போட்டுக் கேட்க வேண்டாம். தூக்கம் வந்துவிட்டால் என் சிபாரிசு தப்பு என்று ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்லுங்கள்.