சோற்றுக்கு முன் ஒரு சான்றிதழ்

1

'சும்மா குடுத்தா சோம்பேறியாயிடுவான்.' இந்த வாக்கியம் புழங்காத ஊர் இல்லை. டீக்கடையில் சொல்லும்போது அது வெறும் அபிப்பிராயம். அதையே ஒரு நாடாளுமன்றம் சொன்னால், எங்கேயோ ஒருவருடைய தட்டு காலியாகிறது. அமெரிக்காவில் நடந்துகொண்டிருப்பது இதுதான்.

1964 இல் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டத்தின் வழி வந்தது ஃபுட் ஸ்டாம்ப் திட்டம். 2008 இல் அதன் பெயர் ஸ்நாப் ஆனது. இன்று ஏறத்தாழ நான்கு கோடிப் பேர் அதை நம்பிச் சாப்பிடுகிறார்கள். 2024 கணக்குப்படி தலைக்கு மாதம் சராசரியாக 187 டாலர், அதாவது நாளொன்றுக்கு ஆறு டாலர் சொச்சம். 1996 இல் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம் இதற்குள் ஒரு நிபந்தனையை நுழைத்தது. பிள்ளை குட்டி இல்லாத, 18 முதல் 49 வயது வரையிலானவர்கள் மாதம் 80 மணி நேரம் வேலையோ பயிற்சியோ காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மூன்றாண்டில் மூன்று மாதம்தான் உணவு. 2023 இல் வயது வரம்பை 54 வரை உயர்த்த முடிவானது. 2025 ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம் அதை 64 ஆக்கியது. 14 வயதும் அதற்கு மேலும் ஆன பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோரையும் உள்ளே இழுத்தது. வீடற்றவர், முன்னாள் படைவீரர், வளர்ப்பு இல்லங்களிலிருந்து வெளியேறிய இளைஞர் ஆகியோருக்கு 2023 இல் தந்த விலக்கைப் பறித்தது. இந்த நிபந்தனையால் மட்டும் சராசரியாக மாதம் 24 லட்சம் பேர் உணவு உதவியை இழப்பார்கள் என்று நாடாளுமன்றத்தின் வரவுசெலவு அலுவலகமே கணக்கிட்டிருக்கிறது.

2

இந்தச் சட்டத்தை ஒரு பிரதியாக வாசிப்போம். இவர்களுக்கு நிர்வாக மொழி வைத்திருக்கும் பெயர் 'சார்ந்திருப்போர் இல்லாத, உடல் வலுவுள்ள வயது வந்தோர்'. இதில் 'சார்ந்திருப்போர் இல்லாத' என்ற பாதி 2025 லேயே பொய்யாகிவிட்டது. பதினான்கு வயது மகளுக்குச் சோறு போடும் அப்பனும் இப்போது பட்டியலில் உண்டு. உடல் நலிந்த அக்காவுக்குப் பணம் அனுப்புகிறவனுடைய அக்கா எப்போதுமே கணக்கில் இருந்ததில்லை.

'உடல் வலுவுள்ள' என்பது இன்னும் மோசம். யாருடைய உடலையும் பரிசோதித்து இந்தப் பெயரைச் சூட்டுவதில்லை. வலுவில்லை என்று காகிதம் கொண்டுவராதவர் எல்லோரும் வலுவுள்ளவர், அவ்வளவுதான். வெளிப்படையாகத் தெரியாத நோயென்றால் மருத்துவச் சான்று வேண்டும். மருத்துவரிடம் போகக் காசில்லாதவர் இந்தத் தர்க்கத்தின்படி திடகாத்திரமானவர்!

வேலை என்ற சொல்லுக்கும் இதே கதிதான். சட்டம் கேட்பது வேலையையா, வேலையின் அத்தாட்சியையா? கடையில் ஷிப்டு போடுவது மேனேஜர். இந்த மாதம் 90 மணி நேரம், அடுத்த மாதம் 70. நேரத்தைக் குறைத்தது முதலாளி, சோற்றை இழப்பது தொழிலாளி. இரண்டு இடத்தில் துண்டு வேலை பார்த்து, கையில் கூலி வாங்குகிறவன் எந்தச் சீட்டைக் காட்டுவான்? அவன் உழைக்கிறான். ஆனால் படிவத்துக்குள் அவனுடைய உழைப்பு எழுதப்படவில்லை.

வர்ஜினியா மாநிலத்தில் இந்த விதி மீண்டும் அமலான காலத்தை ஆராய்ந்து 2023 இல் ஒரு ஆய்வு வெளியானது. விதிக்கு உட்பட்டோரில் உதவி பெறுவோர் எண்ணிக்கை 53 சதவிகிதம் சரிந்தது. வேலைவாய்ப்பு கூடியதற்கோ தடயமே இல்லை. வெளியே தள்ளப்பட்டவர்களில் வீடற்றவர்கள் அதிகம். வேலைக்கு அனுப்புவதாகச் சொன்ன விதி ஆட்களைப் பட்டியலிலிருந்து அனுப்பியது.

3

இதை டிரம்ப் என்ற ஒரு ஆளின் கொடூரமாகச் சுருக்கிவிடக்கூடாது. மரபு நீளமானது. கொள்ளைநோய்க்குப் பின் ஆள் பற்றாக்குறையான இங்கிலாந்தில், 1349 இல், உழைக்கத் திராணியுள்ள பிச்சைக்காரருக்கு யாரும் பிச்சை போடக்கூடாது என்று அரசாணை வந்தது. 1834 இன் ஏழையர் சட்டம், நிவாரணம் பெறுபவனின் நிலை மிகக் கீழான கூலியின் நிலையைவிடவும் மோசமாக இருக்க வேண்டும் என்பதைக் கொள்கையாக்கியது. இந்தக் கொள்கை கப்பலேறி நம் ஊருக்கும் வந்தது. 1876-78 இன் தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாண முகாம்களில் மண் சுமந்தவனுக்கு, ரிச்சர்ட் டெம்பிளின் கணக்குப்படி நாள் கூலி ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும். இந்தக் கூலியில் மனிதர் பிழைக்க முடியாது என்று சொன்ன சுகாதார ஆணையர் கார்னிஷ் போராட வேண்டியிருந்தது.

இதே கொள்கை அமெரிக்காவில் நிறத்தோடு கலந்தது. அடிமைமுறை ஒழிந்த 1865 இலேயே மிசிசிப்பி ஒரு சட்டம் போட்டது. விடுதலை பெற்ற கறுப்பர்கள் ஆண்டுதோறும் ஜனவரியில் வேலையில் இருப்பதற்கான எழுத்துச் சான்று வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாடோடி என்று அபராதம். அபராதம் கட்ட முடியாதவரைக் கூலிக்கு விட்டார்கள். 1943 இல் லூசியானா இன்னொரு விதி கொண்டுவந்தது. பருத்தி வயலுக்கு ஆள் தேவைப்படும் காலத்தில், ஏழு வயதுக்கு மேல் பிள்ளைகள் உள்ள தாய்க்கு நிவாரணம் கிடையாது. நிவாரணம் ஏழையைக் காப்பதைவிட உழைப்புச் சந்தையை ஒழுங்குபடுத்தவே விரிந்து சுருங்குகிறது என்று பிவனும் க்ளோவர்டும் 1971 இல் எழுதியது இந்த மாதிரி வரலாற்றைப் பார்த்துத்தான்.

தமிழ்நாட்டில் 2011 இல் ரேஷன் அரிசி இலவசமான பிறகு 'வயலுக்கு ஆள் கிடைக்க மாட்டேங்குது' என்ற புலம்பலைக் கேட்டிருப்போம். சோம்பேறித்தனம் பற்றிய கவலையை எங்கே சுரண்டினாலும் கீழே கூலி பற்றிய கவலைதான் தெரிகிறது. பசித்தவன் பேரம் பேச மாட்டான். சாப்பிட்டவன் 'இந்தக் கூலிக்கு வரமாட்டேன்' என்று சொல்லக்கூடும்.

4

சிக்கல் நம் பக்கமும் இருக்கிறது. இந்தச் சட்டத்தை எதிர்ப்பவர்கள் உடனே எடுப்பது புள்ளிவிவரம்: 'இவர்களில் பெரும்பாலோர் உழைப்பவர்கள்தான், உழைக்க முடியாதவர்கள் நோயாளிகள்.' உண்மைதான். நீதிமன்றத்தில் அது தேவைப்படும். ஆனால் அதையே நம் கோட்பாடாக வைத்துக்கொண்டால் என்ன ஆகிறது? தகுதியுள்ள ஏழை, தகுதியற்ற ஏழை என்ற பிரிவினையை நாமும் ஒப்புக்கொள்கிறோம். யாரை எந்தப் பக்கம் நிறுத்துவது என்பதில் மட்டும்தான் சண்டை.

இடதுசாரிகளான நமக்கு இது கூடுதல் சங்கடம். உழைக்காதவனுக்கு உணவில்லை என்ற கருத்து பவுலின் நிருபத்தில் மட்டும் இல்லை, 1936 இன் சோவியத் அரசியல் சட்டத்திலும் இருக்கிறது. அங்கே குறி நிலப்பிரபு, முதலாளி என்று சமாதானம் சொல்லலாம். சரி. ஆனால் விதி என்று வந்தபின் அது நிலப்பிரபுவைத் தேடிப் போவதில்லை. கவுன்ட்டரில் வரிசையில் நிற்பவனைத்தான் பிடிக்கிறது. மார்க்ஸின் மருமகன் லஃபார்க் சோம்பலுக்கான உரிமை பற்றி எழுதியதை நாம் விளையாட்டாகவே எடுத்துக்கொண்டோம்.

மாற்று மரபு அமெரிக்காவிலேயே இருக்கிறது. 1969 இல் ஓக்லாண்டில் கருஞ்சிறுத்தைகள் குழந்தைகளுக்குக் காலைச் சாப்பாடு போட ஆரம்பித்தபோது, அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டு இலை போடவில்லை. நிவாரணம் பெறும் பெண்களின் இயக்கத்தை நடத்திய ஜானி டில்மன், 1972 இல் கேள்வியையே திருப்பிப் போட்டார்: வீட்டில் பெண்கள் செய்வதெல்லாம் வேலைதானே, அதற்குக் கூலி எங்கே? அவர்களுடைய இயக்கம் கேட்டது வேலை அல்ல, நிபந்தனையற்ற வருமானம்.

இதையும் பாதி வழியில் நிறுத்திவிடக்கூடாது என்று தோன்றுகிறது. வேலை என்ற சொல்லை எவ்வளவு அகலமாக்கினாலும் அதற்கு வெளியே யாராவது நிற்பார்கள். மனம் உடைந்து ஒரு வருஷம் எழுந்திருக்காதவர், நிஜமாகவே வேலை செய்யப் பிடிக்காதவர். அவருக்காக வாதாட நமக்குக் கூச்சமாக இருக்கிறது. 24 லட்சம் பேரையும் வெளியே தள்ள அதிகாரத்துக்குக் கைகொடுப்பது அந்தக் கூச்சம்தான். 'அவனும் சாப்பிடட்டும்' என்று நம்மால் சொல்ல முடியுமா, தோழர்களே?