தறி அறைக் காற்றும் கணினிக் கணக்கும்

மே மாத மதியம். ஆரணியில் நான் உட்கார்ந்திருந்த நெசவு வீட்டில் தெருப்பக்க ஜன்னலின் மேல்கதவு மட்டும் திறந்திருந்தது, கீழ்க்கதவைச் சாத்தியிருந்தார்கள். மின்விசிறி தறிக்கு விலகி ஓரமாகச் சுழன்றது. காற்று நேராக அடித்தால் பாவு உலர்ந்து இழை அறும் என்றார், குழிக்குள் கால்விட்டு நெய்துகொண்டிருந்த பெரியவர்.

இந்த அறையை எரிசக்தி விதி மென்பொருளில் ஏற்றினால், ஏ.சி.யே இல்லாத இடத்தில் கணக்குக்காக ஒரு ஏ.சி. வந்து உட்காரும். பசுமைக் கட்டடங்களுக்கான லீட் சான்றிதழுக்குப் பயன்படும், ஆஷ்ரே 90.1 என்ற கட்டட எரிசக்தித் தரத்தின் பின்னிணைப்பு ஜி சொல்லும் பொதுவழி இது: வடிவமைப்பில் குளிரூட்டி இல்லையென்றால், ஒப்பிடுவதற்காக மென்பொருளில் வைக்கும் கட்டடத்தில் உள்ள குளிரூட்டியையே இதற்கும் பொருத்த வேண்டும். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. இன்று ஜன்னலை நம்பிக் கட்டியவர் நாளை ஏ.சி. மாட்டலாம், அப்போது சுவரும் கூரையும் தாங்குமா என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடும். ஆனால் காற்றோட்டத்துக்காகவே முற்றமும் உயரக் கூரையும் வைத்தவருக்கு இந்தப் பொதுவழியில் அதற்கான மதிப்பெண் கிடைப்பதில்லை. எனக்கு இது பெரிய அநீதியாகவே படுகிறது.

நம் நாட்டில் இதைவிட நல்ல அளவுகோல் இருக்கிறது. 2014-இல் செப்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்வைத்த ஐமேக் என்ற அளவுகோல், காற்றோட்ட அறையில் இருப்பவருக்கு இதமான வெப்பநிலையை வெளி வெப்பத்தோடு சேர்த்துச் சொல்கிறது. கடந்த 30 நாள் வெளி வெப்பநிலைச் சராசரி 32 டிகிரி என்றால், 0.54-ஆல் பெருக்கி 12.83 கூட்ட வேண்டும், 30.1 டிகிரி. அதற்கு மேலும் கீழும் 2.38 டிகிரி வரை பத்தில் ஒன்பது பேர் ஏற்பார்கள். ஏ.சி.யின் 24 டிகிரியைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை.

குடியிருப்புகளுக்கான எரிசக்தி விதித்தொகுப்பான 2018-இன் எக்கோ நிவாஸ் சம்ஹிதாவும் திறக்கும் ஜன்னலுக்கு இடம் தருகிறது. வெப்ப ஈரப்பத மண்டலத்தில் ஜன்னல்களின் திறக்கும் பரப்பு தரைப்பரப்பில் குறைந்தது 16.66 சதவீதம் வேண்டும். எளிய விதி, யாரும் அளந்துவிடலாம். ஆனால் அந்த ஜன்னல் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்திருந்தாலும் சதவீதம் குறையாது. 500 சதுர மீட்டருக்குக் குறைந்த மனைகள் இந்த விதிக்குள் வருவதும் இல்லை. நெசவாளர் வீடுகள் பெரும்பாலும் அந்தச் சிறிய அளவுக்குள் அடங்கிவிடும்.

காற்றோட்டத்தைக் கணக்கிடும் மென்பொருள்கூட இரண்டு இடங்களில் சறுக்குகிறது. ஒன்று, சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தின் காற்றுத் தரவை அப்படியே ஏற்றிவிடுவது. திறந்த வெளியில் அளந்த, கடற்காற்று கலந்த அந்த வேகம் ஆரணியின் நெருக்கமான தெருவுக்குள் வராது. இன்னொன்று எனக்கு முக்கியமானது: உள்ளே சூடு ஏறினால் ஜன்னல் திறக்கும் என்று பொதுவாக எழுதிவைப்பது. இங்கே ஜன்னல் உடம்பைக் கேட்டு மட்டும் திறப்பதில்லை, இழையையும் கேட்கிறது.

நெசவாளர்களுக்குப் பொதுக் கொட்டகை கட்டும்போது இரண்டு கணக்கும் போட வேண்டும்: ஏ.சி. வைத்து ஒன்று, வைக்காமல் ஒன்று. இரண்டாவதில் கற்பனை மின்சாரத்துக்குப் பதிலாக, ஐமேக் எல்லையைத் தாண்டும் மணிநேரங்களை எழுதட்டும். ஜன்னல் திறக்கும் அட்டவணையைத் தறியில் உட்காருபவரிடம் கேட்டு வாங்கட்டும்: காலையில் எந்தக் கதவு, பாவு ஏற்றும் நாளில் எது, மழை நாளில் எது.