பேச இயலாச் சிசுவும் ஃபிக்ஹ் தீர்ப்புகளும்

கருவியின் துணையால் மட்டுமே மூச்சுவிடும் சிசுவுக்குச் சிகிச்சையைத் தொடர்வதா, நிறுத்துவதா? இவ்வினா எழும்போது மூன்று தீர்ப்புகள் முன்வைக்கப்படுகின்றன. அவற்றின் எல்லைகளை வேறுபடுத்தி அறிவது அவசியம்.

முதலாவது, சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவை 1986இல் அம்மானில் எடுத்த முடிவு. மூளையின் இயக்கம் முற்றிலும் நின்று, இனி மீளாது என வல்லுநர்கள் உறுதிசெய்தால் கருவிகளை அகற்றலாம் என்கிறது அது. ஆனால், 24 வாரங்களில் பிறந்து மூளையில் பெருங்குருதிக் கசிவுற்ற குழந்தை மூளைச்சாவு அடைந்ததாகிவிடாது. அக்குழந்தைக்கு இம்முடிவைப் பொருத்துவது பிழையான கியாஸ் ஆகும்.

இரண்டாவது, ஹிஜ்ரி 1409இல் சவூதி அரேபிய ஃபத்வா நிலைக்குழு வழங்கிய தீர்ப்பு. நம்பகமான மூன்று சிறப்பு மருத்துவர்கள் பயனில்லை எனக் கண்டால், உயிர்மீட்புக் கருவிகளைப் பயன்படுத்த வேண்டியதில்லை என்கிறது. இது நம் வினாவுக்கு நெருக்கமானது. எனினும், உறவினர் துறை வல்லுநர் அல்லர் என்பதால் அவர்தம் கருத்தை அது ஒதுக்குகிறது. நோயின் போக்கை உரைப்பது மருத்துவரின் பணி. அதில் குழந்தை படும் வேதனைக்கு ஈடான நலன் உண்டா என்பதோ மருத்துவ வினா மட்டுமன்று.

1992ஆம் ஆண்டு ஜித்தா முடிவு இக்குறையை நிறைக்கிறது. வலீயின் அனுமதியை அது மதிக்கிறது. அவரது முடிவால் குழந்தைக்குத் தீங்கு நேருமாயின் அவ்வுரிமை பிற வலீகளுக்கும், பின்னர் ஆட்சியாளருக்கும் செல்லும் என்கிறது. ஆக, விலாயத் என்பது உடைமையன்று, அமானிதம்.

சிகிச்சையை மறுக்கலாம் என்பதற்கு, வலிப்பு நோயுற்ற பெண்மணி நபி (ஸல்) அவர்களிடம் பொறுமையைத் தேர்ந்துகொண்ட ஹதீஸ் ஆதாரமாகக் காட்டப்படுவதுண்டு. அப்பெண்மணி தமக்காகத் தாமே தேர்ந்தார். சிசுவுக்கு அத்தேர்வு இல்லை. தந்தையின் பொறுமையைப் பிள்ளையின் பொறுமையாகக் கணக்கிட இயலாது. பிறந்து குரலெழுப்பிய சிசுவுக்கு வாரிசுரிமையை வழங்கும் ஷரீஅத், அதனைத் தனி உரிமையாளராகவே காண்கிறது.

எனவே வலீ கேட்க வேண்டியது, ‘நாங்கள் தாங்குவோமா?’ என்பதன்று, ‘இச்சிகிச்சை இக்குழந்தைக்கு எதைத் தருகிறது?’ என்பதே. மரணத்தைத் தள்ளிப்போட்டு வேதனையை மட்டும் நீட்டிக்கும் கருவியை விலக்குவது கொலையாகாது. குறைபாடுள்ள வாழ்வு என்பதற்காகப் பயன்தரும் சிகிச்சையை மறுப்பதோ அமானிதத்திற்குச் செய்யும் துரோகம். கருவி விலக்கப்பட்ட பின்பும் வலி தணிப்பும் கதகதப்பும் தாயின் மடியும் அக்குழந்தையின் உரிமைகளாகவே நிலைக்கின்றன.