கேமரன் மலைக்கு மிதிவண்டியில் ஏறுதல்: நீலகிரி வழக்கமும் இலங்கை மலையக வழக்கமும்

காடடர்ந்த மலைச்சாலையில் மிதிவண்டிப் பயணம் ஒன்றைத் திட்டமிடுவோர் முதலில் தொலைவையும் உயரத்தையும் கணக்கிடுவது இயல்பே என்றாலும், பயணத்தின் போக்கை அவற்றைவிட வலுவாகத் தீர்மானிப்பவை அந்தச் சாலை எதற்காக வெட்டப்பட்டது, இன்று யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்னும் இரண்டு செய்திகள்தாம். தமிழர் உழைப்பில் தேயிலை விளைந்த மூன்று மலைநாடுகளான நீலகிரி, இலங்கை மலையகம், மலேசியாவின் பகாங் மாநிலத்திலுள்ள கேமரன் மலை ஆகியவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். கேமரன் மலைக்கென்று தனியான திட்டமிடல் மரபு இன்னும் திடமாக உருவாகாத நிலையில், மற்ற இரண்டிலும் ஊன்றிவிட்ட வழக்கங்களில் எது இங்கே செல்லும், எது செல்லாது என்று ஆராய்வது பயனுடையது.

நீலகிரியில் திட்டமிடல் கடிகாரத்திலிருந்து தொடங்குகிறது. மைசூரிலிருந்து உதகைக்குச் செல்லும் பாதை பந்திப்பூர், முதுமலை ஆகிய இரு புலிகள் காப்பகங்களின் ஊடாகச் செல்வதாலும், பந்திப்பூர்ச் சாலையில் 2009 முதல் இரவு 9 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையே பொதுவான வாகனப் போக்குவரத்து தடைசெய்யப்பட்டிருப்பதாலும், ஏறுபவரின் நாள் வனத்துறைச் சோதனைச்சாவடியில்தான் பிறக்கிறது. சாவடி திறந்தவுடன் புறப்படுவதும் எப்போதும் நல்லதன்று. யானைகள் சாலையைக் கடப்பது பெரும்பாலும் அதிகாலையிலும் அந்தியிலும் என்பதால், அனுபவமுள்ளவர்கள் வெயில் ஏறும்வரை காத்திருக்கிறார்கள். அப்படிக் காத்திருந்தால் மசினகுடிக்கு அப்பால் 36 கொண்டை ஊசி வளைவுகளுடன் நிற்கும் கல்லட்டி ஏற்றத்தை உச்சி வெயிலில் எதிர்கொள்ள நேரிடுகிறது. கொண்டை ஊசி வளைவு என்பது சாலை வந்த திசைக்கே ஏறத்தாழ முழுதாகத் திரும்பும் மடிப்பு. ஏற்றச் சரிவு விகிதம் என்பது நூறு மீட்டர் தொலைவுக்குச் சாலை எத்தனை மீட்டர் உயர்கிறது என்னும் கணக்கு. கல்லட்டியின் பல பகுதிகளில் இவ்விகிதம் பத்தைத் தாண்டுவதால், தளர்ந்த கால்களுடன் அங்கே வந்து சேருபவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பதில் வியப்பில்லை. காட்டுக்குள் நிற்கவும் கூடாது என்பதால், நீரும் உணவும் முன்கூட்டியே வண்டியில் ஏற்றப்பட்டிருக்க வேண்டும்.

இக்கட்டுப்பாடுகளைத் தனியொருவர் சமாளிப்பது கடினம் என்பதே இந்தியாவில் மலைப்பயணம் கூட்டு முயற்சியாக வளர்ந்ததற்கு ஒரு காரணம் எனக் கொள்ளலாம். பெங்களூரின் ரைட்-எ-சைக்கிள் அறக்கட்டளை 2008இல் தொடங்கிய ‘டூர் ஆஃப் நீலகிரிஸ்’ என்னும் பலநாள் பயணத்தில், துணைவண்டிகளும் மருத்துவ உதவியும் தண்ணீர்ப் பந்தல்களும் ஏற்பாட்டாளர்களாலேயே வழங்கப்படுகின்றன. இதற்கு நேரெதிரான இன்னொரு மரபும் அங்கே வேரூன்றியுள்ளது. பாரிஸ் ஆடாக்ஸ் மன்றத்தின் விதிகளைப் பின்பற்றும் ‘பிரவே’ எனப்படும் நெடுந்தொலைவுப் பயணங்களில் 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300 கிலோமீட்டருக்கு 20 மணி நேரம் என வரம்புண்டு; குறிக்கப்பட்ட சாவடிகளுக்கு இடையே வெளியாரின் துணை பெறக்கூடாது. மலை ஆனாலும் சமவெளி ஆனாலும் வரம்பு ஒன்றே என்பது சற்றுக் கொடூரமான சமத்துவம்தான். எவ்வகையாயினும், இந்தியத் திட்டம் நேரத்தால் கட்டப்பட்ட திட்டம்.

இலங்கை மலையகத்துச் சாலைகளின் வரலாறு வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தாமஸ் ஸ்கின்னர் போன்ற பொறியாளர்களின் காலத்தில் விரிந்த வீதிகள் கோப்பி மூட்டைகளை மாட்டுவண்டியில் இறக்குவதற்குப் பயன்பட்டவை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தொடங்கிய தேயிலைப் பயிரிடல் பின்னர் கோப்பியின் இடத்தைப் பிடித்தபோது, அதே வீதிகளே தேயிலைக்கும் உதவின. மாடு இழுக்கக்கூடிய சரிவை மனிதக் கால்களும் மிதித்துவிடலாம் என்பது மிதிவண்டிக்காரருக்குக் கிடைத்த எதிர்பாராத சீதனம். கம்பளையிலிருந்து புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் வீதி நீண்டதே தவிர முரட்டுத்தனமானதன்று. வழிநெடுகக் கடைவீதிகளும் லயங்களும் கோயில்களும் பாடசாலைகளும் இருப்பதால், சில கிலோமீட்டருக்கு ஒருமுறை ரொட்டியும் பிளேன் டீயும் கிடைக்கின்றன. மழை பிடித்தால் ஒதுங்கவும் இடமுண்டு. லயம் என்பது தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வசிக்கும் வரிசை வீடு.

அதனால் அங்கே திட்டமிடுவோர் கவலைப்படுவது எந்நேரத்தில் எங்கே இருப்பது என்பதைவிட, எங்கிருந்து எப்படிப் பின்வாங்குவது என்பதைப் பற்றியே. அட்டன், தலவாக்கலை, நானுஓயா, அப்புத்தளை எனப் புகையிரத நிலையங்கள் மலையின் நடுவே இருப்பதால், ஏற முடியாமற்போனவர் தொடருந்திலோ பேருந்திலோ நாளை முடித்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேசவாரியாக மூன்று படிநிலைகளில் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமல் அங்கே பாதை வகுப்பது பொறுப்பின்மை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலையக வீதிகளோடு புகையிரதப் பாதையும் பெருஞ்சேதம் அடைந்தது, நம்பியிருந்த பின்வாங்கும் வழியே ஒரே இரவில் இல்லாமற்போகலாம் என்பதைக் காட்டியது. இவற்றுக்கு மேலாக, தம்பதென்னைத் தொழிற்சாலையிலிருந்து லிப்டன் இருக்கை வரை ஏறுவது போன்ற தோட்டத்துப் பாதைகள் அங்கே மிதிவண்டிக்குக் கிடைக்கும் சிறந்த பகுதிகள். தோட்டத்து மக்கள் நாளும் நடக்கும் வழி என்பதால், அங்கே செல்பவர் அந்நியர் வீட்டு முற்றத்தைக் கடப்பவருக்குரிய மரியாதையுடன் செல்வதே முறை. யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வீடு நின்ற மிதிவண்டி மலையகத்தில் பெரும்பாலும் விருந்தாளியின் வாகனமாகவே இருந்து வந்திருக்கிறது என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

இந்த இரு வழக்கங்களையும் கேமரன் மலையில் வைத்துப் பார்க்கையில் ஓர் ஒற்றுமை கண்ணில் படுகிறது. தாழ்நிலத்து ஊரான தாப்பாவிலிருந்து, ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்திலுள்ள தானா ராத்தாவுக்குச் சாலை சுமார் 60 கிலோமீட்டர். கம்பளைக்கும் நுவரெலியாவுக்கும் இடையிலான தொலைவும் உயர வேறுபாடும் ஏறக்குறைய இதே அளவினவே. வடிவக் கணக்கில் தாப்பாச் சாலை இலங்கைச் சாலையின் உடன்பிறப்பு. ஆனால் அதன் வரலாறு அப்படியன்று. 1885இல் வில்லியம் கேமரன் நில அளவையின்போது இம்மலைப்பகுதியைக் குறிப்பிட்டு நெடுங்காலம் கழித்து, 1930களின் தொடக்கத்தில்தான் மோட்டார் வண்டிக்கென வெட்டப்பட்ட சாலை மேலே எட்டியது. ரசல் என்பவர் 1929இல் நிறுவிய போ தேயிலை நிறுவனம் அச்சாலையை நம்பியே வளர்ந்தது. கீழிருந்து மேல்வரை குடியிருப்புகளைக் கோத்துக்கொண்டு வராத இச்சாலை, பேராக் மாநிலத்துக் காட்டின் ஊடாக வளைந்து வளைந்து ஏறிய பிறகே பகாங்கிற்குள் நுழைந்து ரிங்லெட் என்னும் ஊரை அடைகிறது. இடையில் ஒராங் அஸ்லி எனப்படும் பூர்வகுடிகளுள் செமாய் மக்களின் சிற்றூர்களும், லாத்தா இஸ்கந்தர் அருவியருகே கடைகளும் உண்டு; மற்றபடி காடுதான். தேயிலை என்பது இங்கே ஏற்றத்தின் துணையன்று, ஏற்றத்தின் பரிசு.

ஆகவே கம்பளைச் சாலையை எளிதில் ஏறியவர் அதே நம்பிக்கையில் ஒரு குவளை நீருடன் தாப்பாவிலிருந்து புறப்பட்டால் இடர்ப்படுவார். உணவையும் நீரையும் பொறுத்தவரை இங்கே முதுமலைக்குரிய முன்னேற்பாடே பொருந்தும். கருவியைப் பொறுத்தவரை இலங்கைக் கணக்கே போதும்; சராசரி ஏற்றம் நூறு மீட்டருக்கு இரண்டரை மீட்டரையும் எட்டாததால், கல்லட்டிக்கு வேண்டிய மிகச் சிறிய கியர் சாலைப்பகுதிக்குத் தேவையில்லை. ஆனால் பிரிஞ்சாங் ஊரைத் தாண்டி சுங்கை பாலாஸ் தோட்டத்துக்கும், 2,000 மீட்டருக்கு மேல் நிற்கும் பிரிஞ்சாங் மலையுச்சிக்கும் பிரியும் குறுகிய பாதையில் ஏற விரும்புவோர் அதை இணைத்துக்கொள்வது நல்லது. இப்பாதையில் எதிரே கார் வந்தால் இருவரில் ஒருவர் ஒதுங்கி நிற்கத்தான் வேண்டும்.

நேரக் கட்டுப்பாட்டில்தான் கேமரன் மலை திட்டமிடுவோரை ஏமாற்றுகிறது. இங்கே யானைக்காக எவரும் சாலையை மூடுவதில்லை. எந்நேரமும் புறப்படலாம் என்ற சுதந்திரம் தோற்றத்தில் இனிமையானது. ஆயினும் பருவக்காற்று மாறும் ஏப்ரல்–மே மாதங்களிலும் அக்டோபர்–நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழை வாடிக்கையானது. காலையில் தாமதித்தவர், காடு முடியும் முன்னரே நனைந்து, குளிரில் ரிங்லெட்டை அடைவார். நீலகிரியில் வனத்துறை விதிக்கும் வேலியை இங்கே பயணி தனக்குத்தானே விதித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. விடியுமுன் தாப்பாவை விட்டு, நண்பகலுக்குள் தானா ராத்தாவை அடையும்படி நாளை அமைப்பதும், ஒப்பீட்டளவில் மழை குறைந்த ஜனவரி, பிப்ரவரி மாதங்களைத் தேர்வதும் இதனால்தான். கிழமையும் முக்கியம்: வார இறுதிகளிலும் பள்ளி விடுமுறைகளிலும் பிரிஞ்சாங்கிற்கும் கீ ஃபார்ம் சந்தைக்கும் இடையே கார்கள் மணிக்கணக்கில் நகராமல் நிற்கும்போது, புகைக்கிடையே ஏறுவதைக் காட்சிப் பயணம் என்று சொல்ல இயலாது.

பின்வாங்கும் வழியிலோ இலங்கையின் வசதி இங்கில்லை. மலைக்கு இரயில் பாதை ஏறவில்லை. இரயில் தாழ்நிலத்தில் தாப்பா ரோட், கம்பார், ஈப்போ வழியாகவே ஓடுகிறது. எனவே இறங்குமுகத்தைத் திட்டத்தின் பின்னிணைப்பாகக் கருதாமல், அதற்கென்றே ஒரு நாளை ஒதுக்குவது தகும். இறங்க இரண்டு வழிகள் பொதுவாகக் கருதப்படுகின்றன. கம்போங் ராஜாவிலிருந்து சிம்பாங் பூலாய்க்கு இறங்கும் புதிய சாலை அகலமானது, வேகமானது. ஆனால் சரிவுகளை ஆழமாக வெட்டி அமைக்கப்பட்டதால் மண்சரிவுக்கு இலக்காகி வந்துள்ளது, காய்கறி லாரிகளும் அதையே நாடுகின்றன. பழைய தாப்பாச் சாலையோ குறுகியது, ஓயாமல் வளைவது, நிழலில் பாசி படிந்து வழுக்கக்கூடியது. ஆயினும் வளைவுகளே வாகனங்களின் வேகத்தை அடக்கிவிடுகின்றன. இரண்டு நாள் தொடர்ந்து மழை பெய்திருந்தால் ஏறிய பழைய சாலையிலேயே இறங்குவதும், உலர்ந்த வாரநாளாயின் காலையிலேயே சிம்பாங் பூலாய்க்கு இறங்கி, கோப்பெங், கம்பார் வழியே தாப்பாவுக்குச் சுற்றி வருவதும் ஏற்ற தேர்வுகள். எதுவாயினும் பிரேக் கட்டைகளை மேலே தானா ராத்தாவில் தேடுவதைவிட ஈப்போவிலேயே மாற்றிக்கொண்டு கிளம்புவது நல்லது.