கிரேசி மோகனைக் காதால் பிடிப்பது எப்படி?

கல்லாறு தாண்டியதும் நீலகிரி மலை ரயிலின் ஓட்டம் மாறிவிடும். அதுவரை சமவெளியில் வழுவழுவென்று வந்த வண்டி, வேகம் குறைந்து, அடியில் எதையோ கவ்விக் கவ்வி ஏறத் தொடங்கும். தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டைகள் இரண்டு அருகருகே ஓடுகின்றன. ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம். எஞ்சினின் பல்சக்கரம் ஒரு பல்லை விடும்போது பக்கத்துப் பட்டையின் பல்லைப் பிடித்திருக்கும். 12 அடிக்கு ஓரடி வரை உயரும் அந்தச் சரிவில் குன்னூர் வரை வண்டி வழுக்காமல் ஏறுவது இப்படித்தான்.

அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவன் நான். கிரேசி மோகனின் நாடக, திரை வசனம் எனக்குப் பிடிபட்டதும் அதன் வழியாகத்தான். அவர் எழுதியவற்றில் சிரிப்பு தனித்தனி ஜோக்காக உதிர்ந்து கிடப்பதில்லை. ஒருவர் சொன்ன வாக்கியத்தின் ஏதோ ஒரு சொல்லை அடுத்தவர் கவ்வுகிறார். அவர் விடுவதற்குள் மூன்றாமவர் வேறொரு சொல்லைப் பிடித்துவிடுகிறார். எத்தனை ஜோக் என்று எண்ணிக்கொண்டிருந்தால் இது காதில் விழாது. எந்தச் சொல் எந்தச் சொல்லைக் கவ்வுகிறது என்று கேட்க வேண்டும்.

முதலில் படத்தை அணைத்துவிடுங்கள். ஆடி மாதத்தில் மழையும் மூடுபனியுமாக மின்சாரம் போய்விடும் இரவுகளில், போனில் ஒலியை மட்டும் ஓடவிட்டு ‘மைக்கேல் மதன காம ராஜன்’ கேட்டிருக்கிறேன். 1990இல் வந்த படம். சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கம், மோகன் வசனம், கமல்ஹாசனுக்கு நான்கு வேடம். கல்யாண வீட்டுச் சாம்பாரில் மீன் விழும் காட்சியைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். சமைத்தவருக்கு ஒன்று தெரியும், பந்தியில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியாது. இரண்டு பேரின் பேச்சும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகிறது. இரண்டும் தெரிந்தவர்கள் நாம் மட்டும்தான். பல்சக்கரம் நம் தலைக்குள் சுற்றுகிறது.

மோகன் மெக்கானிக்கல் இன்ஜினியர் என்பதை நான் தற்செயலாக நினைப்பதில்லை. 1952இல் பிறந்தவர். கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தபோது, 1972இல், கல்லூரிப் போட்டிக்காக வங்கிக் கொள்ளை பற்றி ஒரு குறுநாடகம் எழுதி நடித்தார். பரிசு கொடுக்க வந்தவர் கமல்ஹாசன். பிறகு எஸ்.வி.சேகரின் குழுவுக்கு எழுதிய ‘கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’ நாடகத்தின் முதல் சொல் அவர் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. 1979இல் சொந்தக் குழு தொடங்கினார். ‘மேரேஜ் மேட் இன் சலூன்’ நாடகத்தை கே.பாலசந்தர் 1983இல் ‘பொய்க்கால் குதிரை’ என்று படமாக்கினார். நிறுவன வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் எழுத வந்தவர், 2019 ஜூன் 10 அன்று மறையும் வரை மேடையை விடவில்லை.

அவர் வெண்பாவும் எழுதினார். ரசிகர்கள் இதைக் கூடுதல் திறமையாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறார்கள். எனக்கு அதுதான் வேர் என்று படுகிறது. வெண்பாவில் ஒரு சீரின் கடைசி அசை அடுத்த சீரின் முதல் அசையோடு பொருந்த வேண்டும். அந்தப் பிணைப்பின் பெயர் தளை. தளை தட்டினால் வெண்பா இல்லை. மோகனின் வசனத்திலும் ஒரு வரியை எடுத்துவிட்டால் அடுத்த மூன்று வரி வழுக்கும். காளமேகப் புலவரின் சிலேடையை ரசித்த காது நமக்கு இருக்கிறதே, அதைத்தான் அவர் சபாவுக்கு அழைத்து வந்தார். அமெரிக்காவில் அபாட்டும் காஸ்டெல்லோவும் பேஸ்பால் வீரர்களுக்கு ‘யார்’, ‘என்ன’ என்று பெயர் வைத்துக் குழப்பியடித்த புகழ்பெற்ற குறுநாடகமும் இதே சாதிதான். ஆனால் அது ஒரே குழப்பத்தைக் கடைசி வரை இழுக்கும். மோகனுக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஒரு நிமிடத்துக்குள் நான்கு குழப்பம் மாறியிருக்கும்.

மலை ரயிலில் இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள். மேலே ஏறும்போது எஞ்சின் முன்னால் இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. மோகனின் காட்சிகளிலும் கதாநாயகனையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். ‘அபூர்வ சகோதரர்கள்’ படத்தில் ஜனகராஜின் போலீஸ் அதிகாரி சிரிக்க வைக்கிறார் என்றால், பக்கத்தில் நின்று மேலதிகாரியை வியந்துகொண்டே இருக்கும் ஆர்.எஸ்.சிவாஜியின் காவலர்தான் தள்ளுகிறார். மீன் காட்சியில் அந்த வேலை டெல்லி கணேஷுடையது. இரண்டாம் முறை பார்க்கும்போது இவர்களை மட்டும் பாருங்கள். எந்த முகபாவமும் இல்லாமல், அடுத்தவர் கவ்வ வேண்டிய சொல்லைச் சரியான இடத்தில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். நடிப்பில் எனக்கு இதைவிடக் கடினமான காரியம் தெரியாது.

நீலகிரிக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. குன்னூர் மார்க்கெட்டில் பத்தடி நடந்தால் தமிழ், படுகு, மலையாளம், கன்னடம் என்று நான்கும் காதில் விழும். சிறுவயதில் கூடலூர் டீக்கடை ஒன்றில், வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்க, கடைக்காரர் என்னிடம் “வெள்ளம் வேணோ?” என்று கேட்டார். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிறார் என்பது புரியாமல் வாசலைப் பார்த்தேன். ‘மைக்கேல் மதன காம ராஜ’னில் கமலின் சமையல்காரர் காமேஸ்வரனின் பாலக்காட்டுத் தமிழ் நிற்பது இந்த எல்லையில்தான். ‘சதி லீலாவதி’யில் கமலும் கோவை சரளாவும் பேசும் கொங்குத் தமிழ் நமக்கு மேட்டுப்பாளையத்துக்கு இறங்கியதும் கேட்கிற பேச்சு. சென்னைக்காரரான மோகன் இவற்றைக் கேலிக்காக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வட்டாரத்தில் இயல்பாக வரும் சொல் இன்னொருவர் காதில் என்னவாக விழும் என்று கணக்குப் போட்டு எழுதினார். ‘பஞ்சதந்திர’த்தின் நண்பர்கள் கூட்டத்தில் நாயர், ஹெக்டே, ரெட்டி என்று ஆள் பிடித்து வைத்திருப்பதும் அதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

‘தெனாலி’யை மட்டும் தனியாகப் பார்க்கச் சொல்வேன். எதைக் கண்டாலும் பயப்படும் ஈழத் தமிழராகக் கமல். பயங்களின் பட்டியல் நீள நீளத் திரையரங்கு சிரித்தது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து இங்கே தோட்டங்களில் வேலைக்குச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் லைன் வீட்டில் அதே படத்தைப் பார்த்தேன். அவர்கள் மலையகத்தார், படத்தில் கேட்கும் யாழ்ப்பாணப் பேச்சு அவர்களுடையதல்ல. எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது அந்த வீட்டுப் பாட்டி மட்டும் சிரிக்காமல், “பாவம், என்னத்தப் பார்த்திச்சோ அந்தப் புள்ள” என்றார். அன்றிலிருந்து அந்தப் பட்டியலை நான் இரண்டு தடவை கேட்கிறேன். ஒன்று சிரிக்க, ஒன்று சும்மா இருக்க.

எல்லாமே ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். பிற்காலத்தில் சில இடங்களில் சிலேடைக்காகக் கதை நின்று வழிவிடுகிறது. கவ்வுவதற்கு எதிர்ப்பல் இல்லாமல் சக்கரம் சும்மா சுற்றுகிறது. மேடை நாடகங்களில் இது குறைவு. அங்கே நாயகன் பெரும்பாலும் மாது, நண்பன் சீனு, நாயகி ஜானகி. நாடகத்துக்கு நாடகம் இவர்களே வருவதால் ஆட்களை அறிமுகம் செய்யும் வேலை மிச்சம். மாதுவாக நடித்த தம்பிக்கு ‘மாது பாலாஜி’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஜானகி, பள்ளிக்கூடத்தில் மோகனை முதலில் மேடை ஏற்றிய ஆசிரியையின் பெயர். நாயகியின் பெயர் ஒலிக்கும்போதெல்லாம் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நாடகப் பதிவு கிடைத்தால் துண்டு துண்டாகப் பார்க்காமல், முதல் காட்சியிலிருந்து உட்காருங்கள். நடிகர்கள் உங்கள் சிரிப்பு அடங்கக் காத்திருக்க மாட்டார்கள். சிரித்த நேரத்தில் இரண்டு வரி போயிருக்கும். பரவாயில்லை, விடுங்கள். அடுத்த முறை கேட்கும்போது அந்த இடத்தில் புதிதாக இரண்டு வரி இருக்கும்.